பார்க்கிங் தேடும் முன் போனை எடுங்கள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சனிக்கிழமை மாலை பாண்டிபஜாருக்குக் காரில் போனவர்களுக்குத் தெரியும், கடைக்குள் இருந்த நேரத்தைவிட இடம் தேடிச் சுற்றிய நேரம் அதிகமாகிவிடும். அப்படிச் சுற்றுகிற வண்டிகளாலேயே நெரிசல் இன்னும் கூடுகிறது. கையிலிருக்கும் போன் இந்த அலைச்சலைப் பெருமளவு குறைக்கும். ஆனால் வண்டியைக் கிளப்பும் முன்பே அதைப் பயன்படுத்த வேண்டும். சாலையில் இறங்கிய பிறகு அவசரமாகத் தட்டிப் பார்ப்பவர்கள்தான் அபராதம் கட்டுகிறார்கள், போலி கியூஆர் கோடில் பணத்தையும் விடுகிறார்கள். சென்னையை வைத்துச் சொல்கிறேன். பெரும்பாலானவை கோவைக்கும் மதுரைக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

● மேப்பில் கடையின் பெயரைப் போடாமல் பார்க்கிங்கின் பெயரைப் போடுங்கள். கடையைப் போட்டால் உஸ்மான் சாலைக் கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் விடும், அங்கே நிறுத்த வழியிருக்காது. தி.நகர் போகிறீர்களா? தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் பலநிலை வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. 222 கார்கள், 513 இரு சக்கர வாகனங்கள் நிறுத்தலாம். அங்கிருந்து பாண்டிபஜார் நடக்கிற தூரம்தான்.

● எந்த மணிக்குக் கூட்டம் என்று பார்த்துக் கிளம்புங்கள். கூகுள் மேப்பில் கடையைத் தொட்டால் மணிவாரியாகக் கூட்டத்தைக் காட்டும் பட்டைகள் வரும். ஒரு மணி நேரம் முன்னால் போனாலே இடம் கிடைக்கக்கூடிய நாட்கள் நிறைய.

● தெரியாத தெரு என்றால் ஸ்ட்ரீட் வியூவில் ஒருமுறை பாருங்கள். 2022 ஜூலையில் இந்தியாவில் அது வந்தபோது முதல் பத்து நகரங்களில் சென்னையும் ஒன்று. தெருவின் அகலம், கேட்டுகள், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தெரியும். படம் பழையதாக இருக்கலாம் என்பதால் ‘நோ பார்க்கிங்’ பலகையை மட்டும் நேரில் தேடிப் பாருங்கள்.

● தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாட்களில் வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. மின்சார ரயிலில் இறங்கினால் ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமலே போய்விடலாம். மெட்ரோவில் போவதானால் நீங்கள் ஏறும் நிலையத்தில் பார்க்கிங் உண்டா என்று முதலில் பாருங்கள். எல்லா நிலையத்திலும் கிடையாது.

● பெரியவர்களையும் குழந்தைகளையும் முதலில் இறக்கிவிட்டு, வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்புங்கள். "எங்கே இருக்கீங்க?" என்று மாறி மாறி போன் வராது. ஓட்டுகிறவருக்கும் பதற்றம் குறையும்.

● நிறுத்திய உடனே இரண்டு படம் எடுங்கள். ஒன்று தூண் எண், இன்னொன்று வண்டி நிற்கும் விதம். பேஸ்மென்டில் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது, அங்கே ‘பி2, சி14’ என்ற தூணின் படம்தான் உதவும். வண்டி நிற்கும் படத்தில் நேரம் பதிவாகிவிடுவதால், கீறல் விழுந்தாலும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் கேள்வி கேட்க ஆதாரம் இருக்கும். திறந்தவெளி என்றால் மேப்பில் நீலப் புள்ளியைத் தொட்டுப் பார்க்கிங் இடத்தைச் சேமியுங்கள்.

● சாலையோரக் கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். வண்டி எண்ணும் நிறுத்திய நேரமும் அதில் இருக்க வேண்டும். 2025 ஜூலையில் கட்டண வசூல் ஒப்பந்தம் முடிந்து புது ஒப்பந்ததாரர் வராத இடைவெளியில், யாரும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று சென்னை மாநகராட்சியே அறிவித்தது. ஒளிரும் ஜாக்கெட் போட்டவரெல்லாம் மாநகராட்சி ஆள் ஆகிவிட மாட்டார். ரசீது தராமல் மிரட்டினால் மாநகராட்சியின் உதவி எண்ணான 1913-க்குப் பேசுங்கள்.

● யுபிஐ பின் எண் போடும் முன் பணம் பெறுபவரின் பெயரைப் படியுங்கள். பணம் பெறுபவரின் வங்கிப் பதிவிலுள்ள பெயரையே யுபிஐ ஆப்கள் காட்ட வேண்டும் என்பது 2025 ஜூன் 30 முதல் நடைமுறை. மாநகராட்சி கட்டணம் என்று சொல்லித் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

● ஃபாஸ்டேக்கில் பார்க்கிங் கட்டணம் எடுக்கும் இடமென்றால் இருப்பை வீட்டிலேயே பாருங்கள். வெளியே வந்ததும் எவ்வளவு கழிந்தது என்ற எஸ்.எம்.எஸ்.ஸையும் படியுங்கள்.

● பகலில் காலியாகக் கிடக்கும் உங்கள் இடத்தை அக்கம்பக்கத்தாரோடு பகிருங்கள். நீங்கள் ஆபீஸ் போன பிறகு அந்த இடம் மாலைவரை சும்மாதான் இருக்கிறது. எதிர்வீட்டுக்கு வருகிற உறவினர் வண்டி தெருவில் நிற்காமல் இருக்குமே! அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அசோசியேஷன் சம்மதத்தோடு போட்டால் போதும், புது ஆப் எதுவும் வேண்டாம்.

செய்யக்கூடாதவை

● ஓட்டிக்கொண்டே ஆப்பைத் திறக்காதீர்கள். தமிழ்நாட்டில் முதல் முறை 1,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம். இடம் தேடும்போது கண் ஏற்கெனவே சாலையில் இருக்காது. அதோடு போனும் சேர்ந்தால் குறுக்கே வரும் குழந்தை தெரியாது.

● ‘காலி’ என்று ஆப் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் 2011-ல் சாலையோர இடங்களில் சென்சார் பொருத்தி, தேவைக்கேற்பக் கட்டணத்தையும் மாற்றியது. சோதனை நடந்த பகுதிகளில் இடம் தேடும் நேரம் 43 சதவீதம் குறைந்ததாக அந்த நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. ஆனால் சென்சார் இல்லாத இடத்தில் ஊழியர் பதிவு செய்ததுதான் கணக்கு. பதியாமல் நிற்கும் வண்டி அந்தக் கணக்கில் வராது. அதனால் இரண்டாவது இடம் ஒன்றையும் யோசித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

● கம்பத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்களில் 2021 கடைசியில் பார்க்கிங் மீட்டர்கள் மீது போலி ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஆஸ்டின் நகர நிர்வாகம் தன் மீட்டர்களில் கியூஆர் கோடே பயன்படுத்தவில்லை, ஆனாலும் மக்கள் ஸ்கேன் செய்யும் அளவுக்கு அவை அசலாகத் தெரிந்தன. ஸ்கேன் செய்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஸ்டிக்கரின் ஓரத்தை விரல் நகத்தால் தொட்டுப் பாருங்கள். அடியில் இன்னொரு தாள் தட்டுப்பட்டால் விலகுங்கள். ஊழியர் கையிலிருக்கும் கருவியில் கட்டுவதுதான் நல்லது.

● "பார்க்கிங் ரீஃபண்ட் வரும், பின் போடுங்க" என்றால் போடாதீர்கள். பணம் அனுப்பத்தான் பின் தேவை, வாங்குவதற்குத் தேவையே இல்லை.

● வாட்ஸ்அப்பில் வரும் ‘சலான்’ ஃபைலைத் திறக்காதீர்கள். ‘உங்கள் வண்டி நோ பார்க்கிங்கில் நின்றது’ என்ற செய்தியோடு ஏபிகே ஃபைல் ஒன்று வரும். அதை இன்ஸ்டால் செய்தால் உங்கள் ஓடிபி முழுக்க அவர்கள் கைக்குப் போய்விடும். அபராதம் உண்டா என்று பரிவாகன் இணையதளத்துக்கு நீங்களே போய், வண்டி எண் போட்டுப் பாருங்கள்.

● போன் நம்பரைப் பின் கண்ணாடியில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். வண்டி எண்ணும் போன் எண்ணும் ஒரே இடத்தில் கிடைத்தால் மேலே சொன்ன போலி சலான் அனுப்ப அதுவே போதும். யார் வண்டிக்காவது குறுக்கே நிறுத்த நேர்ந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள்.

● இடம் பிடித்து வைத்திருப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பொதுச் சாலை அவருடையது அல்ல. 2014-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மங்கிபார்க்கிங் என்ற ஆப் சாலையோர இடத்தை ஏலம் விடத் தொடங்கியபோது, நகரத்தின் அரசு வழக்கறிஞர் உடனே நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார். இங்கே ஆப் இல்லாமல் நாற்காலி போட்டு அதையே செய்கிறார்கள்.

● "ரெண்டு நிமிஷம்தான்" என்று இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு நோ பார்க்கிங்கில் இறங்காதீர்கள். முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500. வண்டியைத் தூக்கினால் அதன் செலவு தனி. மருத்துவமனைத் தெருவில் உங்கள் கார் நின்றால் ஆம்புலன்ஸ் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

● பணம் போனது தெரிந்தால் நாளைக்குத் தள்ளாதீர்கள். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். பணம் வேறு கணக்குக்குப் போகும் முன் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. 1930, 1913 இரண்டையும் இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.