கேப்புல கிடா வெட்டலாம் வாங்க

போன வருஷம் ஒரு இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ. நானே சால்டர் பண்ணின பவர் சப்ளை போர்டைப் பத்தி விளக்கிட்டு இருந்தேன். எதிரே இருந்தவர் ஆங்கிலத்துல, "7805-க்குப் பக்கத்துல கேப் போட்டீங்களா?"ன்னு கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காம, "இல்ல சார், பாக்ஸுக்கு இன்னும் மூடி வாங்கலை"ன்னேன். அவர் சிரிக்கலை. அடுத்த கேள்விக்குப் போயிட்டார். பஸ் ஏறின பிறகுதான் உறைச்சது, அவர் கேட்டது கெப்பாசிட்டரை! அவுட்புட்ல 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வெச்சதே நான்தான். தெரிஞ்ச விடையைச் சொல்லாம வந்துட்டேன்.

பக்கம் பக்கமா பெரிய வார்த்தைகளை மனப்பாடம் பண்றோம். கவுத்து விடுறது என்னவோ இந்தச் சின்ன வார்த்தைதான். அதனால இந்த இதழ்ல அதையே பிரிச்சுப் பார்த்துடலாம்.

தமிழ்ல எழுதும்போதே ஒரு சிக்கல் இருக்கு. நாம கிடா வெட்டுற கேப் இடைவெளி. ஏர்போர்ட் போக புக் பண்றது வாடகைக் கார். தலையில மாட்டுறது தொப்பி. ஆங்கிலத்துல முதல் ஒலியோ கடைசி ஒலியோ மாறும். நம்ம எழுத்துல மூணும் ஒண்ணுதான். இன்னைக்கு நமக்கு வேண்டியது தொப்பி.

தலையை மூடினா தொப்பி. பாட்டில் தலையை மூடினா மூடி. துருவப் பகுதியை மூடின பனிக்கும் அதே பெயர். சின்ன வயசுல தீபாவளிக்குத் துப்பாக்கியில போட்டு 'டப்'புன்னு வெடிச்சோமே, அந்தக் கேப்பும் இதே குடும்பம்தான். பழைய காலத்து நிஜத் துப்பாக்கிகள்ல, தொப்பி மாதிரி கவிழ்த்து மாட்டுற ஒரு குட்டி உலோக மூடிக்குள்ள வெடிமருந்து இருக்கும். பெயர் அதிலிருந்து வந்தது.

சரி, மூடி போட்டாச்சு. அதுக்கு மேல எதுவும் போக முடியாதுல்ல? அங்கேதான் 'உச்சவரம்பு' என்ற பொருள் பிறக்குது. பணம் சம்பந்தப்பட்ட இடத்துல நம்மை அதிகம் ஏமாத்துறதும் இதுதான். "50% தள்ளுபடி"ன்னு கூப்பன் வரும். 400 ரூபாய் பிரியாணி 200-க்குக் கிடைக்கும்னு சந்தோஷப்படுவோம். கீழே பொடி எழுத்துல "அதிகபட்சம் 100 ரூபாய்"னு இருக்கும். அதுதான் கேப். கட்ட வேண்டியது 300.

இதே சொல் கிரிக்கெட்ல வேற அவதாரம் எடுக்கும். 1886-லேயே இங்கிலாந்து கால்பந்து சங்கம், நாட்டுக்காக ஆடுறவங்களுக்குத் தொப்பி கொடுக்கணும்னு முடிவு பண்ணிடுச்சு. சர்வதேச ஆட்டத்தைத் தொப்பிக் கணக்குல சொல்ற வழக்கம் அப்படி வந்ததுதான். நாட்டுக்கு ஆடாதவர் 'அன்கேப்ட்'. அப்போ உலகக் கோப்பையே வாங்கின தோனியை 2025 ஐபிஎல்லுக்கு சென்னை அணி எப்படி 4 கோடி ரூபாய்க்கு 'அன்கேப்ட்' வீரரா தக்கவெச்சது? அஞ்சு வருஷமா சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை அப்படிக் கணக்குல எடுத்துக்கலாம்னு விதி இருந்தது. அவர் கடைசியா ஆடினது 2019-ல. வாங்கின தொப்பியை விதிமுறை கழட்டிடுச்சுன்னு வெச்சுக்கோங்க!

கவனிங்க, 'அன்கேப்ட்'னா வீரருக்குத் தொப்பி இல்லை. அதுவே டேட்டா பிளான்ல வந்தா வரம்பே இல்லை.

இனி, ஒரே சாயல்ல இருந்துக்கிட்டு நம்மைக் குழப்புற ஆட்கள். என்னைக் கவுத்த கெப்பாசிட்டர், 'பிடித்து வைத்தல்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதுக்கும் தொப்பிக்கும் சம்பந்தமில்லை, செல்லமா சுருக்கினது மட்டும்தான். மார்க்கெட் கேப், கேப்ஸ் லாக் ரெண்டும் 'கேபிடல்' என்ற சொல்லோட வழியில வந்த சுருக்கங்கள். அதோட வேர் 'தலை' என்ற பொருளுள்ள லத்தீன் சொல். ஒரு பங்கோட விலையை மொத்தப் பங்குகளோட எண்ணிக்கையால பெருக்கினா மார்க்கெட் கேப். அதை 'சந்தை உச்சவரம்பு'ன்னு ஜிடி-யில மொழிபெயர்த்துடாதீங்க.

தொப்பியோட உண்மையான சொந்தம் எங்கே ஒளிஞ்சிருக்கு தெரியுமா? நாம தினமும் சொல்ற 'எஸ்கேப்'ல! தொப்பிக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு, தலையையும் சேர்த்து மூடுற மேலங்கின்னு பொருள். பிடிக்க வந்தவன் கையில அங்கியை மட்டும் விட்டுட்டு நழுவுறதுதான் எஸ்கேப். 'ஹேண்டிகேப்'பும் இந்த வகைதான். தொப்பிக்குள்ள கைவிட்டுப் பந்தயப் பணம் போடுற பழைய ஆங்கிலேய விளையாட்டு அது. அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போச்சு.

ரீல்ஸ்ல வர்ற 'நோ கேப்' மட்டும் தனி ரகம். அமெரிக்கக் கறுப்பின மக்களோட பேச்சுவழக்குல இருந்து வந்தது, 'பொய் இல்லை'ன்னு அர்த்தம். நம்ம ஊர்லயும் ஏமாத்துறவனை 'குல்லா போடுறான்'னுதானே சொல்றோம்? ரெண்டுக்கும் தொடர்பில்லை, ஆனா ஞாபகம் வெச்சுக்க வசதி.

இப்போ ஒரு குட்டிப் பயிற்சி. ஆஃபர் லெட்டர்ல ரெண்டு வரி: இன்சென்டிவ் 'அன்கேப்ட்', பயணப்படி '3,000 ரூபாயில் கேப்ட்'. மாசம் 4,500 ரூபாய் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் செலவு பண்ணினா, உங்க பாக்கெட்ல இருந்து எவ்வளவு போகும்? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுடுங்க.