2147483647-உடன் ஒன்று கூட்டினால்...

"கம்ப்யூட்டர் கணக்கில் தப்பே செய்யாது இல்லையா சார்?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் கேட்டார். பதிலுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் 10 அல்லது 11-ல் கால்குலேட்டரைத் திறக்கவும். இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைக் கிளிக் செய்து, புரோகிராமர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். டெக் என்ற வரி தேர்வாகியிருக்க வேண்டும். க்யூவேர்டு பட்டனை ஒருமுறை கிளிக் செய்தால் டிவேர்டு என மாறும். இது 32 பிட் கணக்கு. இனி 2147483647 என டைப் செய்து 1-ஐக் கூட்டுங்கள். விடை: -2147483648!

ஏன் இப்படி? 32 பிட் என்பது 32 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 மட்டுமே இருக்கும். முதல் கட்டம் குறிக்கானது. அதில் 0 என்றால் பிளஸ், 1 என்றால் மைனஸ். மீதி 31 கட்டங்களிலும் 1 நிரம்பினால் கிடைப்பதே 2147483647. அதாவது, 31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்த எண். மேலும் 1 கூட்டினால், ஸ்கூட்டர் மீட்டரில் 9-கள் எல்லாம் 0 ஆவதுபோல 31 கட்டங்களும் 0 ஆகும். மிச்சமான 1, குறிக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண் மைனஸ் ஆகிவிடும்.

இந்த எண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இது ஒரு பகா எண். 1772-ல் கணித மேதை ஆய்லர் இதை நிரூபித்தார். அப்போது அவர் பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தார். இதை ஏதாவது ஒரு பகா எண் வகுக்குமானால், அந்த எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வரும் என்று கண்டார். 46,340 வரை சோதித்தால் போதும்; அதற்குள் அப்படிப்பட்ட எண்கள் சுமார் 370 தான். ஆனால் எல்லா உச்ச எண்களும் பகா எண்கள் அல்ல. 16 பிட்டின் உச்சமான 32767-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது.

சரி, நமக்கென்ன? பல சிஸ்டங்கள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணியே நேரத்தைக் கணக்கிடுகின்றன. 32 பிட்டில் எண்ணினால், 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு உச்சம் வந்துவிடும். அடுத்த விநாடி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்! இன்று வாங்கும் 20 வருட வீட்டுக் கடனின் கடைசித் தவணை அதற்குப் பிறகுதான் வருகிறது.

64 பிட்டுக்கு மாறிய சிஸ்டங்களில் இந்தக் கவலை இல்லை. பல ஆயிரம் கோடி ஆண்டுகள் தாங்கும். பழைய சாப்ட்வேர்களில்தான் சந்தேகம். எனவே தவணை, வட்டிக் கணக்கு போடும் சாப்ட்வேரில் 2038 பிப்ரவரித் தேதி ஒன்றைக் கொடுத்து சேவ் செய்யுங்கள். மூடிவிட்டு மீண்டும் திறங்கள். அதே தேதி வந்தால் நிம்மதி. வேறு தேதி வந்தால், முக்கியமான கணக்குகளை அதில் வைக்காதீர்கள்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கம்ப்யூட்டர் தப்பு செய்யவில்லை; நாம் கொடுத்த கட்டங்கள் போதவில்லை.