பென்சிலுக்கு முன் மல்லாட்டை

எல்.கே.ஜி.யில் சேர்த்த மாதமே இரட்டைக்கோடு நோட்டில் ஒரு பக்கம் 'அ' எழுதி வரச் சொல்கிறார்கள். சுழி, வளைவு, குறுக்கே கோடு, நெட்டுக்கோடு என்று அத்தனையும் முதல் எழுத்திலேயே! மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. எல்லாம் இறுகிவர பத்து வயதுகூட ஆகும். அதனால் எழுத்துக்கு முன் கையைப் பழக்க வேண்டும். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் குடியிருப்பவர்கள் இதற்காகப் பயிற்சிப் பொருள் தேடிக் கடைக்கு அலைய வேண்டாம். எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

• மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தினால்தான் ஓடு உடையும். பென்சிலுக்கு வேண்டியதும் அந்த அழுத்தம்தான். முருங்கைக்கீரை உருவுவதும் நல்ல வேலை.

• மார்கழியில் வாசலில் ஒரு மூலையைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். இது மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லப்படும் ஊர். இங்கே கோலத்துக்குக் குறைவேது? மூன்று விரலால் மாவை அள்ளி, கட்டைவிரலை லேசாக நகர்த்தி ஒரே சீராக இழைவிட வேண்டும். முதலில் மாவு கொத்துக் கொத்தாக விழும். விழட்டும். முதலில் புள்ளி, பிறகு நேர்க்கோடு, அப்புறம் புள்ளியைச் சுற்றி ஒரு வளைவு. சிக்குக் கோலத்தின் சுழிப்பு பழகிய கைக்கு 'இ'யும் 'ஞ'வும் மிரட்டலாகத் தெரியாது. பையன்களையும் விடுங்கள், கோலம் பெண் பிள்ளைக்கு மட்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கல்மாவு கண்ணில் படும், பச்சரிசி மாவே நல்லது.

• முழுப் பென்சிலுக்குப் பதில் உடைந்த சாக்பீஸ் துண்டு கொடுங்கள். நீளமாக இருந்தால் முஷ்டியால் பிடிப்பார்கள். துண்டில் மூன்று விரலுக்குத்தான் இடம்.

• சிலேட்டைக் கண் மட்டத்தில் சுவரில் மாட்டுங்கள். மணிக்கட்டு தானாகவே சரியான வாகுக்கு வரும், தோளும் உரம் பெறும்.

• சப்பாத்தி மாவு உருட்டட்டும். கார்த்திகைக்குக் களிமண்ணில் கோணல் அகல் ஒன்று பிடிக்கட்டும்.

• எழுத்தை முதலில் விரலால் மணலில் வரையச் சொல்லுங்கள். நம் திண்ணைப் பள்ளிகள் செய்தது இதுதான். 1939இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவ வைத்தவர். 'அ'வில் தொடங்காமல் நேர்க்கோடுகளால் ஆன ட, ப-வில் தொடங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• விஜயதசமியன்று அரிசியில் கையைப் பிடித்து எழுத வைப்பது சடங்கு, சரி. தினமும் அப்படிச் செய்யாதீர்கள். நகர்வது உங்கள் கை. பிள்ளையின் கை சும்மா கூட வருகிறது.

• இடது கையால் எடுத்தால் தட்டிவிடாதீர்கள். எந்தக் கை என்பது மெல்ல மெல்லத்தான் நிலைபெறும்.

• உரித்த மல்லாட்டையை 5 வயதுக்குள் முழுப் பருப்பாகத் தின்னக் கொடுக்காதீர்கள். புரையேறி மூச்சு அடைக்கும். பல்லாங்குழியின் புளியங்கொட்டை மூக்குக்குள் போன கதை ஊருக்கு ஊர் உண்டு. கூட உட்கார முடியாவிட்டால் எடுத்து வைத்துவிடுங்கள்.

• மொபைலில் எழுத்தைத் தேய்ப்பதைப் பயிற்சி என்று எண்ணாதீர்கள். அதில் ஒரு விரலுக்குத்தான் வேலை.

• வட்டம் வரைய வராத 3 வயதுப் பிள்ளையிடம் எழுத்து கேட்காதீர்கள். வட்டம் பொதுவாக 3 வயதிலும் சதுரம் நாலரை வாக்கிலும் முக்கோணம் 5 வயதிலும் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திக்கொண்டால் முந்தட்டும்.

ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்கினாலோ, 6 வயதாகியும் பட்டன் போடத் திணறினாலோ, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். செலவில்லாமல் பரிசோதித்து, மேல் சிகிச்சை தேவையென்றால் அனுப்பி வைப்பார்கள்.