வரைபடத்திலும் வாய்மை

பாண்டிய நாட்டுக் குன்றுகளில் நம் முனிவர்கள் தங்கித் தவமியற்றிய கற்படுக்கைகள் பல உள்ளன. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர் மலையில், செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கிறோம். இத்தகைய தலங்களுக்குச் செல்லும் வழியை முதியோர் மட்டுமே அறிந்திருப்பின், அவர்களுக்குப் பின் அவ்வழி மறந்துபோகும். ஆகவே, கணினியில் தல வரைபடம் அமைக்கும் முறையை இப்பாடத்தில் பயில்வோம்.

முதலாவது, தரவு. 2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், தன்னார்வலர்கள் திரட்டி உலகோர்க்கு வழங்கும் புவியியல் தரவாகும். ஓவர்பாஸ் டர்போ என்னும் கருவியில், வேண்டிய பகுதியையும் பொருளையும் குறிப்பிட்டு, அத்தரவை ஜியோஜேசன் கோப்பாகப் பெறலாம்.

இரண்டாவது, நிரல். 2011-இல் வெளிவந்த லீஃப்லெட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு இதற்கு ஏற்றது. வரைபடத்தின் நடுப்புள்ளியைக் கூறுதல், அடிப்படத்தை இணைத்தல், கோப்பிலுள்ள புள்ளிகளை அதன்மேல் இடுதல் ஆகிய மூன்றையும் சில வரிகளில் எழுதிவிடலாம்.

மூன்றாவது, பொய்யாமை. ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை பின்னும் வரும். லீஃப்லெட்டில் நாமே ஒரு புள்ளியை எழுதும்போது அட்சரேகையே முன்னர் வரவேண்டும். சமணர் மலையின் அட்சரேகை வடக்கு 9.9 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 78 பாகை. இவ்வெண்கள் இடம் மாறினால், மலை ஆர்க்டிக் பகுதியில் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் போய் நிற்கும்! இப்பிழை கண்ணுக்குத் தெரியும். சிறு பிழையோ தெரியாது. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனவே தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு நிறுத்தினால் பல கிலோமீட்டர் வழி தவறக்கூடும். ஐந்து இலக்கங்கள் எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிட்டும். நம் குறிப்பை நம்பி வெயிலில் மலையேறும் யாத்திரிகரை நினைந்து எழுதுக.

நான்காவது, கள்ளாமை. கொடாததைக் கொள்ளாமை நம் அணுவிரதம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவு கொடுக்கப்பட்ட பொருளே. எனினும், அதன் பங்களிப்பாளர்களை வரைபடத்தில் குறிப்பிடவேண்டும் என்பது நிபந்தனை. தனியார் நிறுவன வரைபடங்களைப் பார்த்து இடங்களைப் பெயர்த்தெழுதி அதில் சேர்த்தலும் விலக்கப்பட்டது.

வரைபடத்தில் இல்லாத தலத்தை நேரில் சென்று கண்டு, ஊர் முதியோரிடம் பெயரை உசாவி, நாமே சேர்க்கலாம். பெற்றதற்கு ஈடாக நாம் அளிக்கும் சிறு தானம் அது.

வளர்க ஜினதருமம்!