மலைப்பாதையில் டீசல் கணக்கு

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். "லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டால் ஓட்டுநருக்கு ஓர் எண் வரும். எல்லாமே மெய்தான், கம்பம் - தேனி சாலையில் கிடைப்பது மலையில் கிடைக்காது.

வகுப்பில் படித்த நிலை ஆற்றலை இங்கே பொருத்திப் பார்த்தேன். ஆட்களோடு வண்டியின் நிறை 2,000 கிலோ, ஏறும் உயரம் 400 மீட்டர் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. மூன்றையும் பெருக்க, 78.4 இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 360 இலட்சம் ஜூல் உண்டு. அதில் கால் பங்கே சக்கரத்தை எட்டும் என்றால் 90 இலட்சம். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே சுமார் 870 மில்லி லிட்டர் செலவு! சக்கர உராய்வும் காற்றுத் தடையும் தனி.

இறங்கும்போது அது திரும்பி வருமா? அதே மலையில் குழாய் வழி இறங்கும் பெரியாற்று நீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரமாகிறது. வண்டியின் ஆற்றலோ பிரேக்கில் சூடாகிப் போய்விடுகிறது.

சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். "டீசல் மிச்சம், தம்பி" என்றார் ஓட்டுநர் அண்ணன் ஒருவர். கணக்கு அவர் பக்கம் இல்லை. கியரில் இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கும்வரை டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கவே டீசல் வேண்டும். எஞ்சினின் பிடிப்பும் போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் வளைவில் சரியாகப் பிடிக்காது. பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மெய்யான சராசரி வேண்டுவோர் டாங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பி வகுத்துப் பார்க்கலாம். ஏற்றம், இறக்கம் இரண்டும் அதில் அடங்கிவிடும்.