"இன்று அரண்மனை மூடல்" என்றால் நம்பாதீர்கள்

பாங்காக் போகிறவர்கள் கிராண்ட் பேலஸைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஏமாற்றுக்காரர்களுக்கும் அது தெரியும். மதில் ஓரமாக நடக்கும்போது, இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் வருவார். பேச்சில் தேன் ஒழுகும். "இன்று புத்த மத விசேஷம், மதியம்வரை மூடல்" என்பார். வேறு கோயில்களைச் சுற்றிக்காட்ட 20 பாத் (தாய்லாந்து நாணயம்) கட்டணத்தில் ஒரு துக்துக்கையும் அவரே கூப்பிடுவார். அந்த வண்டி கடைசியில் போய் நிற்குமிடம் ரத்தினக் கடை. "சலுகை இன்றோடு முடிகிறது, ஊரில் விற்றால் இரட்டிப்பு லாபம்" என்று ஆசை காட்டுவார்கள். வாங்கிய நீலக்கல்லை ஊர் நகைக்கடையில் காட்டினால் பாதி விலைகூடத் தேறாது. ஓட்டுநருக்கோ கடையிலிருந்து கமிஷனோ எரிபொருள் கூப்பனோ கிடைத்துவிடும். சவாரி அத்தனை மலிவாக இருப்பது அதனால்தான்.

யார் என்ன சொன்னாலும் நுழைவு வாயில்வரை நடந்து போய்ப் பாருங்கள். பொதுவாகக் காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். டாக்சியில் மீட்டர் போட மறுத்தால் இறங்கிவிடுங்கள். பட்டாயா, புக்கெட் கடற்கரையில் ஜெட் ஸ்கீ எடுப்பதானால், ஏற்கெனவே இருக்கும் கீறல்களை வீடியோ எடுத்துக்கொண்டு ஏறுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் ஈடாகக் கொடுக்கவே வேண்டாம். சிக்கல் என்றால் சுற்றுலாப் போலீஸை 1155 என்ற எண்ணில் கூப்பிடுங்கள், ஆங்கிலத்திலேயே பேசலாம்.