கணக்கில் கிடப்பதில் உன் பணம் எவ்வளவு?

அன்புள்ள கண்ணுக்கு,

சொந்தபந்தம், சிநேகிதர்கள், ஆரம்பத்தில் பணம் போட்டு உதவியவர்கள் என எல்லோருக்கும் சேர்த்து மாதாமாதம் நீ அனுப்பும் கடிதம் வந்தது. தீபாவளி மாதத்தில் 900 ஆர்டர். விற்பனை 11 லட்சத்து 34 ஆயிரம். சென்னிமலைப் போர்வை கவுகாத்தி வரை போயிருக்கிறது. குடோனில் புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்து தலையணையும் விற்கப் போகிறாய். பெங்களூரிலிருந்து ஒருவர் ஒன்றரைக் கோடி முதலீடு செய்யத் தயார். கடைசி வரியில், இந்த வருஷமும் நீ சம்பளம் எடுக்கவில்லை என்று ஒரு பெருமை.

உன் அப்பா அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். விற்பனைத் தொகையைப் பார்த்தால் என் கண் தன்னால் அடுத்த வரியைத் தேடும்: கைக்கு வந்தது எவ்வளவு, வந்ததில் நம்முடையது எவ்வளவு? உன் கடிதத்தில் அந்த வரியைக் காணோம். போனில் உன்னிடம் துருவித் துருவிக் கேட்டு வாங்கிய விவரங்களை வைத்து நானே கணக்குப் போட்டேன். கோபித்துக்கொள்ளாமல் படி.

ஒரு போர்வையை 1,260 ரூபாய்க்கு விற்கிறாய். அதில் 60 ரூபாய் ஜிஎஸ்டி. நெசவாளருக்கு 620. கூரியர் 90, பணம் வசூலித்துத் தருகிறவர்களின் கட்டணம் 30, பேக்கிங் 25. ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு 200. இத்தனையும் போக நிற்பது 235 ரூபாய். இது வாங்கியவர் சரக்கை வைத்துக்கொண்டால்.

கேஷ் ஆன் டெலிவரியில் பத்துக்கு மூன்று திரும்பி வருவதாகச் சொன்னாய். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போன கூரியர் 90, வந்த கூரியர் 80, விளம்பரம் 200, பேக்கிங் 25, ஆக 395 ரூபாய் நட்டம். ஏழு போர்வையில் சம்பாதித்த 1,645-இல் மூன்று போர்வை 1,185-ஐத் தின்றுவிடுகிறது. பத்து ஆர்டருக்கு மிச்சம் 460 ரூபாய். மாதத்துக்கு அப்படி 600 ஆர்டர், மொத்தமே 27,600. முன்பணம் கட்டி வாங்கிய மீதி 300 ஆர்டரில் திரும்பியது 20தான். அங்கே 57 ஆயிரம் நின்றிருக்கிறது. ஆர்டர் பாதி, லாபம் இரண்டு மடங்கு! இரண்டையும் கூட்டினால் 85 ஆயிரம். குடோன் வாடகைக்கும் சம்பளத்துக்கும் 90 ஆயிரம் போகிறது. வருஷத்திலேயே நல்ல மாதத்தில் உனக்கு 5 ஆயிரம் கைநட்டம், அதுவும் நீ சம்பளம் எடுக்காமல்.

அதனால் சம்பளம் எடுக்காததைப் பெருமையாக எழுதாதே. உன் உழைப்புக்கு விலை போடாத கணக்கு பொய்க் கணக்கு. 25 ஆயிரமாவது எடுத்துக்கொள். எடுக்க முடியவில்லை என்றால் தொழில் இன்னும் உன்னைத் தாங்கவில்லை என்றாவது தெரியும். மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டாயா? குடோனில் துணி பேல் மேலேயே படுத்துத் தூங்குகிறாயாமே, உன் அம்மா சொன்னார். கல்யாணப் பேச்சை ஒரு வருஷம் தள்ளிப்போடும்படி அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குக் கைம்மாறாக இராத்திரி வீட்டுக்கு வந்து படு.

கேஷ் ஆன் டெலிவரியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத புதுக் கடைக்கு யார்தான் முன்கூட்டிப் பணம் கட்டுவார்கள்? ஆனால் எந்தப் பின்கோடிலிருந்து அடிக்கடி திரும்புகிறது என்று பார்த்து அங்கே மட்டும் மூடு. அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டு உறுதி செய். முன்பணம் கட்டினால் 60 ரூபாய் தள்ளுபடி என்று வை. ஒன்று திரும்பினால் போவது 395. அதோடு பார்த்தால் இந்தத் தள்ளுபடி தூசு.

தலையணை விஷயம். சரக்கை மட்டும் எடை போட்டுக் கூரியர்க்காரர் பில் போடுவதில்லை என்பது உனக்கே தெரியும். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதற்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார். 60-க்கு 40-க்கு 15 பெட்டியில் இரண்டு தலையணை வைத்தால் நிஜ எடை ஒன்றரைக் கிலோ இருக்குமா? பில் 7.2 கிலோவுக்கு வரும். பவானி ஜமக்காளம் கனம்தான், ஆனால் மடித்தால் பலகை மாதிரி படியும். தூக்குகிற எடைக்குத்தான் காசு. காற்றை அசாமுக்கு அனுப்பி நீ என்ன சம்பாதிக்கப் போகிறாய்? தலையணை உறையை மட்டும் விற்றுப் பார்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். கணக்கில் 6 லட்சம் இருக்கிறது, பயமில்லை அத்தை என்றாய். எத்தனையோ கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்டுகளைப் புரட்டியிருக்கிறேன். படுத்துப்போன கடைகளில் பலவற்றின் கணக்கிலும் கடைசி வரை பணம் புழங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது அடுத்தவர் பணம். உன் 6 லட்சத்தைப் பிரிப்போமா? நெசவாளர் பாக்கி 3 லட்சத்து 40 ஆயிரம். கூரியர் பில் 75 ஆயிரம். வருகிற ஒன்றாம் தேதிக்கு வாடகையும் சம்பளமும் 90 ஆயிரம். சரக்கைத் திருப்பிய 20 பேருக்குக் கொடுக்க வேண்டியது 25 ஆயிரம். விற்ற 700 போர்வைக்கு வாங்கிய வரி 42 ஆயிரம். உன்னுடையது 28 ஆயிரம் ரூபாய், கண்ணு.

விளம்பரத்துக்கும் கூரியருக்கும் கட்டிய 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ளலாமே என்பாய். கழிக்கலாம். ஆனால் அவர்கள் கணக்குத் தாக்கல் செய்து, அது உன் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான். அதுவரை வாங்கிய வரி முழுவதையும் தனிக் கணக்கில் போட்டு வை. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யத் தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. பெரிய தளங்கள் வழியாக விற்கும்போது ஜிஎஸ்டிக்காக அரை சதவீதமும் வருமான வரிக்காக 0.1 சதவீதமும் பிடித்துக்கொள்கிறார்களே, அது உனக்கு வர வேண்டிய காசு. ஜிஎஸ்டியில் பிடித்ததைப் போர்ட்டலில் போய் ஏற்றுக்கொண்டால்தான் உன் லெட்ஜரில் வரவாகும். உன் ஆடிட்டர் செய்கிறாரா என்று கேள். பாதிப் பேர் அதை மறந்தே விடுகிறார்கள்.

அந்த 3 லட்சத்து 40 ஆயிரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. பவானியில் ஒரு குடும்பத்துக்கு 70 நாளாகப் பணம் போகவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினாய். அகல ஜமக்காளம் எப்படி நெய்கிறார்கள் என்று பார்த்திருப்பாயே: குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊடையைக் கைமாற்றிக் கைமாற்றி நெய்ய வேண்டும். நீ ஒருவருக்குப் பாக்கி வைத்தால் அடுத்த பாவுக்கு நூல் வாங்க முடியாமல் இரண்டு பேரும் எழுந்துகொள்ள வேண்டியதுதான். உன் விளம்பரத்துக்கு மட்டும் பாக்கி கிடையாது, கவனித்தாயா? கார்டில் பணம் இல்லையென்றால் அன்றைக்கே விளம்பரம் நின்றுவிடும். அதனால் அவர்களுக்கு முதலில் கட்டுகிறாய். நெசவாளர் சண்டை போடமாட்டார் என்பதால் கடைசியில். வலுத்தவனுக்கு உடனே, இளைத்தவனுக்குத் தவணை.

இதில் சட்டமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இப்போது வருமான வரியிலும் பிடி வைத்துவிட்டார்கள்: கெடு தாண்டி வருஷ முடிவிலும் பாக்கி நின்றால், அந்தக் கொள்முதலை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. கையில் இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவாய். அந்தப் பவானிக் குடும்பத்துக்கு உத்யம் பதிவு இருக்கிறதா என்று கேட்காதே. இல்லையென்றாலும் 15 நாளில் கொடு.

இன்னொன்று. தீபாவளி நெருக்கடியில் சென்னிமலைக் கைத்தறிச் சரக்கு போதாமல் விசைத்தறிப் போர்வை வாங்கி, அதே படம், அதே விவரத்தோடு அனுப்பினாயாம். உன் குடோன் பெண்களில் ஒருத்தி வெகுளியாக என்னிடம் சொன்னாள், அவளைத் திட்டாதே. விசைத்தறியை விசைத்தறி என்று சொல்லி விற்பதில் தப்பே இல்லை. அது வேறு விலை, வேறு ஆள், அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களுக்கு 1985-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஜமக்காளமும் போர்வையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எந்தக் கட்டு, எந்த நூல் வரை கைத்தறிக்கு மட்டும் என்பதை ஈரோடு கைத்தறித் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுக்கொள். அதற்கு முன், அந்தப் போர்வை போன வீட்டுக்காரர்களுக்கெல்லாம் எழுதி, வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல். செலவாகும். ஆகட்டும்.

பெங்களூர்க்காரரின் ஒன்றரைக் கோடிக்கு வருகிறேன். வெளி முதலீடே வேண்டாம் என்று சொல்கிற ஆளில்லை நான். நம் சென்னையிலேயே இரண்டு வழியிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, வெளி முதலீட்டாளர்களை நம்பாமல் சொந்த வருமானத்திலேயே வளர்ந்து தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை வரை போய் அலுவலகம் போட்டது. அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் ஆரம்பித்த ஃப்ரெஷ்டெஸ்க், முதலீட்டாளர் பணத்தில் வேகமாக வளர்ந்து, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. ஆனால் இருவர் விற்றதும் மென்பொருள். ஒருமுறை எழுதிவிட்டால் ஆயிரமாவது வாடிக்கையாளருக்கு அதைக் கொடுக்கப் பெரிதாகச் செலவில்லை. உன் ஆயிரமாவது போர்வைக்கும் முதல் போர்வைக்கு வாங்கிய அதே அளவு நூல் வாங்க வேண்டும். ஃப்ரெஷ்டெஸ்க் நட்டத்தில் வளர்ந்ததே, நாமும் வளர்வோம் என்று நினைத்தால், ஆர்டர் கூடக் கூட நட்டமும் கூடிக்கொண்டே போகும்.

பெங்களூர்க்காரர் அனுப்பிய ஒப்பந்த வரைவில் பணம் திரும்பும் வரிசை என்று ஒரு பிரிவு இருக்கும். அதை மட்டும் இரண்டு தடவை படி. அவருக்கு 20 சதவீதப் பங்கு என்று வை. நாளைக்குக் கம்பெனியை 2 கோடிக்கு விற்க நேர்ந்தால் அவருக்கு 40 லட்சம் என்றுதானே நினைப்பாய்? போட்ட பணத்துக்கு முன்னுரிமை என்று எழுதியிருந்தால் முதல் ஒன்றரைக் கோடி அவருக்கு. மிச்சம் 50 லட்சத்தில்தான் நீயும் உன் கூட்டாளியும். அந்தக் கூட்டாளியோடு இன்னும் எழுத்தில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சிநேகிதம் என்பாய். அவள் பங்கு நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது போலவும், முதல் வருஷத்துக்குள் போனால் எதுவும் இல்லை என்பது போலவும் ஒரு பத்திரம் போட்டுக்கொள்ளுங்கள். உனக்கும் அதே நிபந்தனை. சிநேகிதம் நன்றாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருக்கும் மனசு வலிக்காது.

இப்போதைக்கு உனக்குத் தேவை ஒன்றரைக் கோடி இல்லை. பாக்கியைத் தீர்த்து, தை முதல் ஆனி வரை நூலுக்கும் கூலிக்கும் கையில் வைத்துக்கொள்ள 8, 9 லட்சம் போதும். அதற்காக உன் அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வாங்காதே. சிறுதொழிலுக்கு இந்த அளவு கொடுக்கும் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு மேல் போனாலும் சிஜிடிஎம்எஸ்இ என்ற உத்தரவாத நிதி இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் வீடு தப்பும். இருந்தும் மேனேஜர் பத்திரம் கொண்டுவரச் சொல்வார், அது அவர்களுக்குப் பழக்கம். மரியாதையாக, "எழுத்தில் கொடுங்க சார்" என்று கேள். பெரும்பாலும் கொடுக்கமாட்டார், பத்திரப் பேச்சும் அத்தோடு நின்றுவிடும்.

போகும்போது ஒரு வருஷ ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி தாக்கல் நகல்கள், உத்யம் சான்றிதழ், நெசவாளர் பாக்கிப் பட்டியல் எல்லாம் எடுத்துக்கொள். ரிட்டர்ன் கணக்கை மறைக்காதே. கேட்பதற்கு முன் நீயே சொல். நானும் கூட வருகிறேன். இரண்டாம், நாலாம் சனிக்கிழமை வங்கி லீவு, திங்கட்கிழமை கூட்டம். செவ்வாய் காலை பத்தரைக்கு வந்துவிடு.

அன்புடன்,
அத்தை